நாப்பது இழுப்பு... நோ ஸ்பார்க்!

அதிகாலை மூன்றரை மணி. திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். சுத்திலும் கும்மிருட்டு. ஒவ்வொரு வள்ளமா 'டுர்ர்ர்'னு கிளம்பிப் போய்க்கிட்டே இருக்கு. ஒரே ஒரு வள்ளம் மட்டும் கரையோரமா அப்படியே ஆடிக்கிட்டு நிக்குது. அதுல நாலு பேர் உட்கார்ந்திருக்காங்க. அஞ்சாவதா ஒருத்தன் நின்னுக்கிட்டு ஸ்டார்ட்டர் கயிறை வெறி புடிச்ச மாதிரி இழுத்துக்கிட்டு இருக்கான்.

அவன்தான் என் கிளாஸ்மேட். மெக்கானிக்கல், மூணாவது வருஷம். பக்கத்துல இடுப்பளவு தண்ணியில நின்னு டார்ச் அடிச்சுக்கிட்டு இருந்த புத்திசாலி... நான்தான்!

இருபது இழுப்பு வரைக்கும் எண்ணினோம். முப்பதுல அவன் கை மாறி என் கைக்குக் கயிறு வந்துச்சு. நாப்பதுல ரெண்டு பேருக்கும் தோள்பட்டை கழண்டுடுச்சு. என்ஜின் மட்டும் ஒரு இருமல்கூட இருமலை.

"நேத்து நல்லாத்தானலே ஓடுச்சு?"னு வள்ளத்துல இருந்த ஒருத்தர் கேட்டார். நண்பன் பதில் சொல்லலை. ஏன்னா நேத்து சாயங்காலம் அந்த என்ஜினைப் பிரிச்சு மேய்ஞ்சதே நாங்க ரெண்டு பேரும்தான்!

ஹீரோவாக ஆசைப்பட்ட கதை

செமஸ்டர் முடிஞ்சு லீவுக்கு நண்பன் ஊருக்குப் போயிருந்தேன். அது மே மாசம். நம்ம கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பெரிய விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்துல கட்டிக் கிடக்கும். சின்ன வள்ளங்களுக்கு இந்தத் தடை இல்லை. சந்தைக்கு மீன் வரத்துக் குறையறதால, வள்ளத்துல வர்ற மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். வருஷம் பூரா வட்டி கட்டுற குடும்பங்கள் கொஞ்சம் மூச்சு விடுறது இந்த ரெண்டு மாசத்துலதான்.

அந்த நேரம் பார்த்து நண்பனோட அப்பா வள்ளத்துல இருக்கிற அவுட்போர்டு என்ஜின் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. 9.9 குதிரைசக்தி, ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். கரையில ஜோரா ஸ்டார்ட் ஆகும். ஒரு மணி நேரம் ஓடி சூடானதும் முக்கி முக்கி ஓடும். மேல்மூடியைக் கழட்டிப் பார்த்தா, இக்னிஷன் காயில்ல மெல்லிசா ஒரு வெடிப்பு. சூடானா வெடிப்பு விரியும், கரன்ட் வேற பக்கம் கசியும். டயக்னோசிஸ் பக்கா!

"காயில்தானே... நாங்களே மாத்திடுறோம்பா. மெக்கானிக்கு எதுக்குத் தண்டக் கூலி?"னு நண்பன் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டான். அப்பா ஒரு நிமிஷம் யோசிச்சார். பையன் படிச்ச படிப்புல ஒரு நம்பிக்கை. சரின்னுட்டார்.

புது காயில், புது பிளக் ரெண்டு, ரெண்டு போல்ட், மூணு கனெக்‌ஷன். அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சுது. இருட்டிட்டதால ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலை. "புது காயில் மச்சான்... ஒரே இழுப்பு!"னு சொல்லிட்டுப் போய்ப் பரோட்டா சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில நடந்ததுதான் மேலே நீங்க படிச்ச அந்த சோகக் காவியம்.

ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு

விடிஞ்சுது. வாங்கிப் போட்ட ஐஸ் கரைய ஆரம்பிச்சுது. வள்ளத்துல சம்பளம் கிடையாது, பங்குதான். பெட்ரோல், மண்ணெண்ணெய், ஐஸ் மாதிரி செலவெல்லாம் போக, பிடிச்ச மீன்ல ஆளுக்கு இவ்வளவுன்னு பிரிப்பாங்க. மீன் இல்லைன்னா பங்கும் இல்லை. அந்த நாலு பேரும் ஒண்ணும் பேசாம சாப்பாட்டுத் தூக்கைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு நடந்தாங்க. திட்டியிருந்தாக்கூட பரவாயில்லை!

சரி, மூளையைக் கசக்குவோம்னு உட்கார்ந்தோம். பிளக்கைக் கழட்டினா சொதசொதன்னு ஈரம். "மச்சான், மண்ணெண்ணெய்தான் பிரச்னை!"ன்னான் நண்பன்.

அவன் சொன்னதுலயும் லாஜிக் இருந்துச்சு. இந்த மாதிரி என்ஜின்களைப் பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவாங்க. கரைக்கு வர்றப்போ நிறுத்துறதுக்கு முன்னாடி மறுபடியும் பெட்ரோலுக்கு மாத்தணும். மறந்துட்டா கார்பரேட்டர்ல மண்ணெண்ணெய் தங்கிடும். அது சுலபமா ஆவியாகாது. குளிர்ந்த என்ஜினை அதை வெச்சு ஸ்டார்ட் பண்ணவே முடியாது.

"ஆனா நாம நேத்து மாத்துனது காயில்தானேடா?"ன்னு கேட்டேன்.

"அது புதுசுடா! புதுசுல எப்படிடா பிரச்னை வரும்?"

இந்த ஒரு டயலாக்தான் எங்களைக் கவுத்துச்சு. பெட்ரோல் ஹோஸைக் கழட்டினோம். கார்பரேட்டரைப் பிரிச்சோம். கழுவினோம். துடைச்சோம். ஊதினோம். திரும்ப மாட்டினோம். பாதி வெட்டின டிரம்ல தண்ணி நிரப்பி, என்ஜினை அதுல இறக்கி வெச்சு, மறுபடியும் இழுத்தோம். இன்னொரு முப்பது இழுப்பு. ம்ஹூம்!

ஏன் டிரம்? அவுட்போர்டு என்ஜினைக் குளிர வைக்கிறது, அது கீழேயிருந்து உறிஞ்சுற தண்ணிதான். உறிஞ்சுற பம்ப்புல இருக்கிற ரப்பர் இறக்கை தண்ணி இல்லாம ஓடினா கொஞ்ச நேரத்துலயே கருகிடும். இது மட்டும் எங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நல்லவேளை!

சாயங்காலம் அப்பா மெதுவா கேட்டார்: "சி.டி.ஐ. யூனிட் போயிருக்குமோ? வியாபாரிகிட்ட முன்பணம் கேட்டு வாங்கிருவோமா?"

வியாபாரிகிட்ட முன்பணம்னா, அப்புறம் பிடிக்கிற மீனை அவர் சொல்ற விலைக்கு அவருக்கே கொடுக்கணும். விலை ஏறி நிக்கிற சீஸன்ல அது பெரிய அடி. நண்பன் முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. அவனோட அடுத்த செமஸ்டர் ஃபீஸும் அந்த மீன்லதான் நீந்திக்கிட்டு இருந்துச்சு.

அண்ணாச்சி கேட்ட ரெண்டு கேள்வி

அப்போதான் பக்கத்து ஊர் மெக்கானிக் அண்ணாச்சியைக் கூப்பிட்டாங்க. கையில ஒரு அழுக்குப் பை, சட்டைப் பையில ஒரு சின்ன டெஸ்டர். வந்தவர் என்ஜினைத் தொடவே இல்லை. கட்டுமரத்து மேல உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டே கேட்டார்.

"தம்பி, என்ஜின் கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு?"

"முந்தாநாள் சாயங்காலம், அண்ணாச்சி."

"அதுக்கப்புறம் யாரு கை வெச்சா? எதுல வெச்சா?"

ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டோம். காயில்னோம், பிளக்னோம், அப்புறம் இழுத்துக்கிட்டே... கார்பரேட்டர்னோம்.

"அப்ப கோளாறு அந்த மூணு இடத்துலதான் இருக்கும். வேற எங்கயும் தேடிப் போவாதீய. ஓடுன என்ஜின் நீங்க கை வெச்சதும் நின்னுருக்குன்னா, நீங்க கை வெச்ச எடத்துலதான் பாக்கணும். புதுசு வேற, சரி வேற தம்பி!"

நாலு வருஷ படிப்புல எந்த லேப்லயும் யாரும் எங்களுக்கு இப்படிச் சொன்னதில்லை.

ஸ்பார்க் எங்கேயிருந்து வருது?

ஒரு சின்ன தியரி பிரேக். போரடிக்காம சொல்லிடுறேன்.

இந்த வகை என்ஜின்ல பேட்டரி கிடையாது. மேலே தட்டு மாதிரி இருக்கிற ஃப்ளைவீல்ல காந்தம் பதிச்சிருப்பாங்க. கயிறை இழுத்தா அது சுத்தும். அடியில இருக்கிற சார்ஜ் காயில்ல சில நூறு வோல்ட் பிறக்கும். அது சி.டி.ஐ. யூனிட்டுக்குள்ளே ஒரு கப்பாசிட்டர்ல சேர்ந்து நிக்கும். பிஸ்டன் சரியான இடத்துக்கு வர்றப்போ பல்சர் காயில் 'இப்போ!'ன்னு சிக்னல் கொடுக்கும். சேர்த்து வெச்ச மொத்த மின்சாரமும் ஒரே அடியா இக்னிஷன் காயிலுக்குப் பாயும். அங்கே அது பல ஆயிரம் வோல்ட்டா எகிறி, பிளக் முனையில சின்ன மின்னலா வெடிக்கும்.

சரி, ஓடுற என்ஜினை நிறுத்துறது எப்படி? இங்கேதான் ட்விஸ்ட். வீட்டு லைட்டு ஸ்விட்ச் ஆஃப் பண்ணினா வயர் இணைப்பு துண்டாகும். இந்த என்ஜின்ல அப்படியே உல்டா! ஸ்டாப் பட்டனை அழுத்தினா, சி.டி.ஐ.-லேர்ந்து வர்ற ஒரு வயர் என்ஜின் பாடியோட போய் இணையும். மின்சாரம் பூரா பாடிக்கே போயிடும். பிளக்குக்கு ஒண்ணும் வராது. என்ஜின் நின்னுடும்.

அப்போ அந்த ஸ்டாப் வயர் தப்பித் தவறி எங்கேயாவது பாடியில பட்டுக்கிட்டு இருந்தா? ஸ்டாப் பட்டனை யாரோ 24 மணி நேரமும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரிதான். நாப்பது என்ன, நாலாயிரம் தடவை இழுத்தாலும் நோ ஸ்பார்க்!

மாட்டிக்கிட்ட வில்லன்

அண்ணாச்சி ரெண்டு பிளக்கையும் கழட்டினார். ஈரம். "பெட்ரோல் வந்துருக்கு. அப்ப நெருப்புதான் வரலை"ன்னார். என்ஜினை வலைக் கொட்டகை நிழலுக்குக் கொண்டுபோகச் சொன்னார். வெயில்ல ஸ்பார்க் கண்ணுக்கே தெரியாதாம். பெட்ரோல் கேனைத் தூரமா தள்ளி வெச்சு, ஈரம் காயற வரைக்கும் காத்திருந்தார். டெஸ்டரோட ஒரு முனையை பிளக் வயர்ல மாட்டி, இன்னொரு முனையை என்ஜின் பாடியில கவ்வவிட்டு, "இழு"ன்னார்.

இருட்டு. ஸ்பார்க் இல்லை.

அப்புறம் சி.டி.ஐ. பக்கத்துல ஒரு சின்ன கனெக்டரைப் பிடுங்கினார். ஸ்டாப் வயர்! "இப்ப இழு."

டிக்... டிக்... டிக்... நீலமா மின்னுச்சு பாருங்க! நண்பன் கத்தின கத்துல ஓரமா படுத்திருந்த நாய் எழுந்து ஓடிடுச்சு.

"சி.டி.ஐ. நல்லாருக்கு, காயில் நல்லாருக்கு. ஸ்டாப் வயர்தான் எங்கேயோ பாடியில மோதுது. படிச்ச புள்ளைங்கதானே, மீட்டர் போட்டுக் கண்டுபிடிங்க பாப்போம்!"

லேப்ல ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்க மட்டும் தொட்ட மல்ட்டிமீட்டர், அன்னைக்குத்தான் உருப்படியா பயன்பட்டுச்சு. பாதுகாப்பு கிளிப் மாட்டின நிலையில ஸ்டாப் வயருக்கும் பாடிக்கும் நடுவுல இணைப்பே இருக்கக் கூடாது. மீட்டர் 'பீப்'னு கத்துச்சு. வயரைப் பிடிச்சுக்கிட்டே போனோம். அது நேரா போய்... நாங்க மாட்டின புது காயிலுக்கு அடியில நுழைஞ்சுது!

போல்ட்டைத் தளர்த்தினா, காயிலுக்கும் பிளாக்குக்கும் நடுவுல வயர் நசுங்கிக் கிடக்கு. தோல் உரிஞ்சு செம்பு பல்லைக் காட்டுது. ரெண்டு போல்ட்டையும் 'நல்லா டைட் பண்ணுடா'ன்னு நான்தான் சவுண்டு விட்டேன். வில்லனே நான்தான்!

புண்ணான இடத்தை வெட்டி, புதுசா சேர்த்து, இன்சுலேஷன் ஸ்லீவ் போட்டு, வயரை ஒதுக்கிக் கட்டினோம். மொத்தச் செலவு ஒரு டீ, வடை காசுதான்.

க்ளைமாக்ஸ்ல ஒரு இடைவேளை

பிளக்கை மாட்டி, ஆவலா ஒரு இழுப்பு. 'புடுக்... புடுக்...' ரெண்டு இருமல். அடங்கிருச்சு. மறுபடி இழுத்தா அதுவும் இல்லை.

"இது என்ஜின் கோளாறு இல்ல. உங்க கைங்கர்யம்"னு சிரிச்சார் அண்ணாச்சி. ஹோஸ் நடுவுல இருக்கிற ரப்பர் பல்பை அமுக்கிப் பார்க்கச் சொன்னார். பெட்ரோல் ஒழுங்கா நிரம்பினா அது கல்லு மாதிரி இறுகணும். எங்க பல்பு இட்லி மாதிரி இருந்துச்சு. கார்பரேட்டரைப் பிரிச்சப்போ கழட்டின ஹோஸ் கனெக்டரைப் பாதிதான் சொருகியிருக்கோம். பெட்ரோலுக்குப் பதிலா காத்தை உறிஞ்சுது.

ஒரு கோளாறோட போயிருக்க வேண்டியது. தெரியாத இடத்துல கை வெச்சதால ரெண்டாச்சு. முதல் கோளாறைச் சரி பண்ணின பிறகும் என்ஜின் ஓடலை பாருங்க, நாங்க மட்டும் தனியா இருந்திருந்தா, 'அப்போ வயர் பிரச்னை இல்லை போல'ன்னு முடிவு பண்ணி சி.டி.ஐ. வாங்கக் கிளம்பியிருப்போம்!

கனெக்டர் 'க்ளிக்'னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தினோம். பல்பு இறுகுச்சு. டிரம்ல தண்ணி இருக்கான்னு பார்த்துட்டு, நண்பன் கயிறைப் பிடிச்சான். மூணாவது இழுப்பு.

டுர்ர்ர்ர்ர்!

எல்லாரும் குதிச்சோம். அண்ணாச்சி மட்டும் குதிக்கலை. பாதுகாப்பு கிளிப்பைப் பட்டுனு உருவினார். என்ஜின் நின்னுச்சு. "இப்பதான் வேலை முடிஞ்சுது"ன்னார். அந்தக் கிளிப்போட இன்னொரு முனையைத்தான் ஓட்டுறவர் மணிக்கட்டுல மாட்டிக்கணும். ஆள் தண்ணியில விழுந்தா கிளிப் உருவி, என்ஜின் தானா நிக்கும். ஸ்பார்க் வந்தா போதும்னு ஸ்டாப் வயரைக் கழட்டிப் போட்டுட்டே ஓட்டுறவங்க இருக்காங்களாம். விழுந்த ஆளை விட்டுட்டு வள்ளம் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். சுத்துற புரொப்பெல்லர் அவர் மேலேயே திரும்பி வரவும் செய்யும். ஓட வைக்கிறது பாதி ரிப்பேர், நிக்க வைக்கிறதுதான் மீதி.

அண்ணாச்சியின் செக் லிஸ்ட்

இக்னிஷன் வேலை பார்த்த பிறகு என்ஜின் ஸ்டார்ட் ஆகலையா? இந்த வரிசையில பாருங்க. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும்!

* முதல்ல பாதுகாப்பு கிளிப், ஸ்டாப் பட்டன். சிரிக்காதீங்க, பாதி கேஸ் இதுதானாம்.

* கழட்டி மாட்டின ஒவ்வொரு கனெக்டரையும் பிடிச்சு இழுத்துப் பாருங்க. எர்த் வயர் பாடியோட ஒட்டுற இடத்துல பெயின்ட், துரு, உப்பு இருந்தா சுரண்டுங்க.

* ஸ்பார்க் டெஸ்ட். பிளக் வயரை அந்தரத்துல தொங்க விட்டுட்டு இழுக்காதீங்க. சி.டி.ஐ., காயில் ரெண்டும் காலியாகலாம். கையால பிடிக்கவும் கூடாது, ஷாக் தூக்கி அடிக்கும். பக்கத்துல பெட்ரோல் இருக்கவே கூடாது.

* ஸ்பார்க் இல்லைன்னா ஸ்டாப் வயரை மட்டும் பிரிச்சுப் பாருங்க. ஸ்பார்க் வந்தா கோளாறு வயர்லயோ ஸ்விட்ச்லயோதான். வராட்டிதான் காயில், சி.டி.ஐ. பக்கம் போகணும்.

* ஸ்பார்க் இருக்கு, ஆனா ஓடலை, கயிறு கையை வெடுக்குனு பின்னாடி இழுக்குதா? ஃப்ளைவீலைக் கழட்டியிருந்தா அதுக்கு அடியில இருக்கிற சின்ன அரைவட்டச் சாவியைப் பாருங்க. அது நழுவினாலோ வெட்டுப்பட்டாலோ ஸ்பார்க் தப்பான நேரத்துல அடிக்கும்.

* ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காயில்னா, பிளக் வயர் மாறியிருக்கான்னு பாருங்க. ரெண்டு பிளக்குக்கும் ஒரே காயில், ஒரே நேரத்துல ஸ்பார்க்னா, மாறினாலும் பிரச்னை இல்லை.

* ரொம்ப நேரம் இழுத்திருந்தா உள்ளே பெட்ரோல் ரொம்பியிருக்கும். பிளக்கைக் கழட்டி, கிளிப்பை உருவி, த்ராட்டிலை முழுசா திறந்து பத்துப் பன்னிரண்டு தடவை இழுத்து வெளியேத்துங்க. பிளக்கைத் துடைச்சு, காய வெச்சு மாட்டுங்க.

'எங்கிட்ட ஏது பாஸ் போட்டு?'ன்னு கேட்கிறீங்களா... பைக் இருக்குல்ல? சர்வீஸ் விட்டு வந்த மறுநாள் காலையில ஸ்டார்ட் ஆகலைன்னா, கிக்கரை உதைச்சே காலை ஒடிச்சுக்காதீங்க. ஹேண்டில்ல இருக்கிற சிவப்பு ஸ்விட்சைப் பாருங்க. அப்புறம் நேத்து எதுல கை வெச்சாங்கன்னு கேளுங்க!

மறுநாள் காலை

மூன்றரை மணி. அதே இருட்டு. நண்பன் கயிறைத் தொடலை. அப்பாகிட்ட நீட்டினான். "நீயே இழுலே"ன்னுட்டார் அவர். ரெண்டாவது இழுப்புல ஸ்டார்ட் ஆச்சு. வள்ளம் இருட்டுல மறையற வரைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே நின்னோம்.

மத்தியானம் கணவாயோட திரும்பி வந்தாங்க. நாலு பேருக்கும் பங்கு பிரிச்ச பிறகு, அண்ணாச்சிக்கு ஒரு பை நிறைய கணவாய் போச்சு. எங்களைப் பார்த்து அப்பா சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்:

"அடுத்த தடவையும் நீங்களே மாத்துங்க. ஆனா வெளிச்சம் இருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டு பரோட்டாவுக்குப் போங்க!"